அணைந்ததா, அடங்கியதா

சியரா மலையில், கணவாய்க்கு நாலு மைல் கீழே
மஞ்சள் விளக்கு சுழல்கிற சோதனைச் சாவடியில்
என் பெயர் முப்பத்தொன்று.
மார்பிலும் முதுகிலும் அச்சடித்திருக்கிறது.
மைலீஸ் எச்செவெரி என்பது
பனி இல்லாத மாதங்களில் மட்டும்.

சங்கிலி மாட்ட நாற்பது டாலர்.
கழற்ற இருபது; ஆனால் அது
மலைக்கு அந்தப் பக்கம், வேறு எண்களின் வேலை.
நான் மாட்டிய எதையும்
நான் அவிழ்த்துப் பார்த்ததில்லை.

மனிதர்களைக் கணுக்கால் வரைக்கும்தான் தெரியும்.
நல்ல பூட்ஸ், நனைந்த கேன்வாஸ்,
ஒருமுறை, காலுறை போட்ட வெறுங்கால்.
வண்டிகளை முதுகெலும்பால் தெரியும்:
பழைய பாயை விரித்துப் படுத்தால்
உறுமல் தரை வழியே ஏறி வரும்.
உறுமினால் உயிரோடு இருக்கிறது,
உறுமாவிட்டால் இல்லை.
குரைக்கிற நாயைப் பற்றிச் சொல்வார்களே,
அதை நம்பிப் பதினோரு குளிர்காலம்.

இது குரைக்கவில்லை.
சாம்பல் நிற ஹைபிரிட்.
டயருக்கடியில் உப்பு நெரிபட்டது,
அவ்வளவுதான் சத்தம்.
இறங்கியவர் ஹாலிஸ் வெங்கர், பல் செட் செய்பவர்.
பின்சீட்டில் அட்டைப் பெட்டிக்குள் ஒன்பது ஜோடி,
ரீனோவில் ஒரு முதியோர் விடுதிக்கு.
"நாளைக்கு வான்கோழி விருந்து" என்றார்,
அவசரத்துக்கு அதைவிடப் பெரிய காரணம்
உலகத்தில் இல்லை என்பதைப் போல.

விற்றுவிட்ட பிக்கப்பின் சங்கிலியைக்
கொண்டுவந்திருந்தார். மணிக்கட்டுப் பருமன்.
பழக்கத்தில் பின்சக்கரத்தைக் காட்டினார்.
இழுப்பது முன்சக்கரம், ஐயா.
அங்கே டயருக்கும் கம்பிக்கும் நடுவில்
என் இரண்டு விரல் நுழையும், மூன்றாவது நுழையாது.
என் வேனிலிருந்து மெல்லிய கேபிளை எடுத்தேன்.
எண்பது டாலர். முகம் சுளித்தார்.
பல்லுக்கு அளவெடுக்கிறவருக்கு
அளவைப் பற்றி நான் சொல்லவேண்டியிருந்தது.

"அணைத்துவிட்டீர்களா?"
"அணைத்துவிட்டேன்."
குளிருக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.

படுத்தேன். முதுகெலும்பில் ஒன்றுமே இல்லை.
சக்கரத்தின் பின்பக்கம் தோள்வரை கையை விட்டு
கொக்கியைத் தேடிக்கொண்டிருந்தேன்.
அப்போது,
யாரும் கூப்பிடாமல்,
எஞ்சின் விழித்துக்கொண்டது.

கையை எடுத்தது எனக்கு நினைவில்லை.
கையுறை மட்டும் அங்கேயே இருந்தது.

அது அணைந்திருக்கவில்லை, அடங்கியிருந்தது.
பேட்டரி இறங்கியதும், ஹீட்டருக்காகத்
தானே எழுந்ததாம்.
திரையில் பச்சையாக ஒரு வார்த்தை
தயார், தயார் என்று
முழு நேரமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.
கீழே கிடப்பவளுக்கு ஏது திரை.

அவர் என்னைவிட அதிகமாக நடுங்கினார்.
வெளியே வந்து, காரிலிருந்து இருபதடி தள்ளி,
சாவியை உள்ளங்கையில் ஏந்தி
போலீஸ் முன் நிற்கிறவனைப் போல
பனியில் நின்றார், நான் முடிக்கும் வரை.
தலையில், தோளில், சாவியின் மேலும் பனி.
உள்ளே போங்கள் என்று நான் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

ஐந்தடி நகர்த்தச் சொல்லி, மறுபடி இறுக்கினேன்.
முப்பது மைலுக்கு மேல் வேண்டாம்.
சக்கரம் வழுக்கினால் கார் தானே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும்,
பயந்து மிதிக்காதீர்கள்.
தலையாட்டினார்.

கார் ஏறியது, முதல்முறையாகச் சத்தத்தோடு.
ஈறில் பொருந்தாத பல் செட்டைப் போல
கடகடவென்று,
வளைவு தாண்டியும் கொஞ்ச நேரம்.

அன்றிரவு இரண்டு மணிக்கு
என் சமையலறையில் ஃபிரிட்ஜ் உறுமுவதை நிறுத்தியது.
விழித்துக்கொண்டேன்.
அது திரும்பத் தொடங்கும் வரை
கண்ணை மூட முடியவில்லை.
போர்வைக்குள் இரண்டு விரல்கள்
அந்த இடைவெளியின் அகலத்துக்கு
இன்னும் சேர்ந்தே நீண்டிருந்தன.